மறுமொழி: 'ஆவணமற்ற மாணவர்', 'வசிப்பிடத் தகுதி' – இந்த இரண்டும் போதுமா?

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கட்டணம் பற்றிய இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் முன்மொழிந்து, போதுமா என்று கேட்டிருந்தீர்கள்:

> அன்டாக்குமென்டட் ஸ்டூடன்ட் = ஆவணமற்ற மாணவர்
> ரெசிடென்சி ஃபார் டியூஷன் = கட்டணத்துக்கான வசிப்பிடத் தகுதி

இந்த இரண்டையும் கலிபோர்னியாவில் தமிழ்ப் பெற்றோருக்காக நாங்கள் தயாரிக்கும் துண்டறிக்கையில் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே இடறின.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் அச்சுப்படியைப் படித்துவிட்டு, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்புறையை எடுத்தார். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மகளின் பள்ளி மதிப்பெண் அறிக்கைகள் என்று மேசையில் வரிசையாக அடுக்கினார். "எல்லா ஆவணமும் கிடக்குத்தானே தம்பி, ஏன் இல்லையெண்டு போட்டிருக்கு?" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்தப் பிள்ளையிடம் இல்லாதது ஒரே ஒரு ஆவணம்தான். அது எது என்று சொல்லே சொல்லிவிட வேண்டும். அதனால் 'குடிவரவு ஆவணமிலா மாணவர்' என்று முன்மொழிகிறேன்.

'குடியேற்றம்' ஏன் வேண்டாம் என்றால், இலங்கைத் தமிழருக்கு அது அரசின் குடியேற்றத் திட்டங்களை நினைவூட்டும் சொல். சிங்கப்பூரின் 'குடிநுழைவு' நல்ல சொல்தான், ஆனால் நுழைவதோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் பலர் விசாவோடு வந்தவர்கள். நுழைவில் குறை இல்லை, விசா காலம் முடிந்த பிறகுதான் சிக்கல். இதே காரணத்தால் செய்தித்தாள்களின் 'சட்டவிரோதக் குடியேறி'யையும் நாம் எடுக்கக் கூடாது. பெற்றோர் செய்ததைப் பிள்ளை தலையில் கட்டக் கூடாது என்பதுதான் 1982-இல் பிளைலர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரம். டெக்சஸில் இத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு அப்படித்தான் திறந்தது. அந்தத் தீர்ப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, கல்லூரிக்கு வராது.

இரண்டாவது சொல்லில்தான் எனக்குப் பெரிய கவலை. 1996-இன் கூட்டாட்சிச் சட்டம், 'இங்கே வசிக்கிறார்' என்பதை வைத்து இந்த மாணவர்களுக்கு உயர்கல்விச் சலுகை தரக் கூடாது, தந்தால் எந்த மாநிலத்து அமெரிக்கக் குடிமகனுக்கும் அதையே தர வேண்டும் என்கிறது. வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் இல்லாமல் இவர்கள் கல்லூரியில் படிக்க வழிசெய்யும் ஏபி 540 சட்டத்தைக் கலிபோர்னியா 2001-இல் எழுதியபோது வசிப்பிடத்தைத் தொடவே இல்லை. இங்கே மூன்று ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்திருக்க வேண்டும் என்பதையே அளவுகோலாக வைத்தது. இங்கே படித்துவிட்டு வேறு மாநிலம் போய்த் திரும்பும் குடிமகனுக்கும் அது பொருந்தும். 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். (தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவரிடம் பொறியியல் கலந்தாய்வில் பிறப்பிடச் சான்று கேட்பதில்லையே, ஏறக்குறைய அந்த மாதிரி.)

ஆக ஏபி 540 மாணவர் சட்டப்படி 'வசிப்பவர்' ஆகிவிடுவதில்லை. வெளிமாநிலத்தவருக்கான கட்டணத்திலிருந்து விலக்குப் பெறுகிறார். இதைப் போய் 'வசிப்பிடத் தகுதி' என்று எழுதினால், நீதிமன்றம் ஏற்ற வாதத்தையே தமிழில் அழித்துவிடுகிறோம். இதே போன்ற டெக்சஸ் சட்டம் இவர்களை வசிப்பவர்களாகவே கணக்கிட்டது. அங்கே இந்தச் சொல் சரியாக இருந்தது. 2025 ஜூனில் அடி விழுந்ததும் அந்த இடத்தில்தான்: மத்திய அரசு வழக்குப் போட்டது, மாநில அரசு உடன்பட்டது, அன்றே தடை வந்துவிட்டது.

சரி, 'கட்டண விலக்கு' என்று வைத்துக்கொள்ளலாமா? கூடாது. நம்மவர்கள் அதை இலவசப் படிப்பு என்று படிப்பார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலத்தவர் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார்கள்; அந்தக் கூடுதல்தான் நீங்குகிறது, அடிப்படைக் கட்டணம் இருக்கிறது. ஆகவே 'வெளிமாநிலக் கூடுதல் கட்டண விலக்கு'. நீளம்தான். ஆனால் பணம் கட்டும் இடத்தில் ஒரு குடும்பம் ஏமாறக் கூடாது.

அப்புறம் இன்னொரு சொல். தகுதி வந்ததும் சட்டப்படி நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிப்பேன் என்று மாணவர் ஓர் அஃபிடவிட், அதாவது எழுத்து மூல உறுதிமொழி, தர வேண்டும். நான் 'பிரமாணப் பத்திரம்' என்று போட்டிருந்தேன். அந்த அம்மா அதைப் படித்துவிட்டு, "ஓ, சத்தியக் கடதாசியோ" என்று உடனே பேனாவைக் கேட்டார். இலங்கையில் புழங்கும் அந்தச் சொல்லையே போட்டுவிட எனக்கு விருப்பம். தமிழ்நாட்டு வாசகருக்கும் அது புரியுமா? சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.