பூசி மூன்று மாதம் ஆகவில்லை, கொரோலாவில் மறுபடி கறள். எங்கே பிழை விட்டேன்?

வெள்ளவத்தைக் கொரோலா:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓடிய 1990 ஆம் ஆண்டுக் கொரோலா இப்போது என் பொறுப்பில். வீடு மரைன் டிரைவில் இருந்து ஒரு ஒழுங்கை உள்ளே. கடல் காற்றில் ஜன்னல் கம்பியே வருடத்துக்கொரு தரம் உரிகிற இடம், கார் எம்மாத்திரம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததுதான், ஆனால் அந்த விலைகள் என் பக்கம் வராது. ஆகவே இதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

ஓகஸ்டில் நானே வேலையில் இறங்கினேன். கதவுகளின் அடி விளிம்பும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதியும் (சில்லு அல்ல, சில்!) கறள் பிடித்திருந்தன. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கறளைக் கறுப்பாக மாற்றும் அந்தப் பால் போன்ற திரவத்தைப் பூசினேன். சில்லில் இருந்த இரண்டு சின்ன ஓட்டைகளைப் பட்டி (காய்ந்ததும் இறுகும் நிரப்புப் பசை) வைத்து அடைத்து, அன்று பின்னேரமே சாம்பல் நிற பிரைமர் ஸ்பிரே அடித்தேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. நிறப் பெயின்ற் அடிக்க இரண்டு கிழமை போய்விட்டது. அடிப்பக்கம் முழுக்கத் தார் போன்ற அண்டர்சீல்.

இப்போது நவம்பர். கதவு விளிம்பில் கடலைப்பருப்பு அளவுக் கொப்புளங்கள். சில்லில் பட்டி வைத்த இடத்தைச் சுற்றி ஒரு மண்ணிறக் கோடு. திரும்பவும் முதலில் இருந்தா?

தெகிவளைத் தம்பி:
அண்ணா, இவ்வளவு கஷ்டம் எதற்கு? எங்கள் மாமா சேவிஸுக்கு விடும்போதெல்லாம் கழித்த என்ஜின் ஒயிலை அடியில் அடிப்பார். வான் இருபது வருடமாக ஓடுகிறது.

பஞ்சிகாவத்தை நானா:
தம்பிமார் இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். முப்பது வருடம் டிங்கரிங் வேலை செய்தவன்.

கழித்த ஒயில் கறளைத் தாமதப்படுத்தும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் என்ஜின் எரித்த அமிலமும் கரியும் கிடக்கிறது. சஸ்பென்ஷன் றப்பர் புஷ்கள் ஊறி உப்பிப்போகும், பிரேக்கில் பட்டால் அதைவிட மோசம். தோலுக்கும் நல்லதல்ல. மழையில் கழுவுண்டு கானுக்குள் போய், அங்கிருந்து கடலுக்குத்தான் போகும். மாமாவின் வான் பிழைத்தது ஒயிலால் மட்டும் என்று நினைக்கவேண்டாம்.

கொரோலாக்காரத் தம்பி, கதவின் கொப்புளம் வெளியில் இருந்து வந்ததா, உள்ளே இருந்து வந்ததா என்று முதலில் பார்த்தீர்களா? கண்ணாடியில் வழியும் மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது பழுதல்ல, எல்லாக் காரும் அப்படித்தான். அது வெளியேறக் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். சில்லும் உள்ளே வெறும் பெட்டிதான், அதற்கும் வடிகால் துவாரம் உண்டு. அடிப்பக்கம் முழுக்கத் தார் அடித்தேன் என்கிறீர்கள். துவாரங்களை விட்டுத்தான் அடித்தீர்களா?

ஒரு ஸ்குரூ ட்ரைவர் பிடியால் சில்லை நுனியில் இருந்து நுனிவரை தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகரம் கணீர் என்று கேட்கும். உக்கிய இடம் பொத்தென்று கேட்கும். குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்தும் பார்க்கலாம். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது.

இரசாயன டீச்சர்:
நான் கார் ஓட்டுவதோடு சரி, திருத்தத் தெரியாது. ஆனால் அந்தப் பால் திரவம் என் பாடம்.

பெரும்பாலும் அதில் இருப்பது தனிக் அமிலமும் ஒரு பிளாஸ்ரிக் பசையும். தேயிலைச் சாயத்துக்குள் இரும்பாணி போட்டால் சாயம் கறுத்துப்போகும் அல்லவா, அதே தாக்கம்தான். அது மேலே இருக்கும் மெல்லிய கறளை மட்டுமே மாற்றும். அடியில் செதில் செதிலாகக் கறள் இருந்தால் மேற்தோல் கறுக்கும், கீழே வேலை நடந்துகொண்டே இருக்கும். கறள் தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் பெயின்றைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் உங்கள் கடலைப்பருப்பு. மினுங்கும் வெறும் இரும்பில் இந்தத் திரவத்தைப் பூசியும் பயனில்லை, மாற்றுவதற்கு அங்கே கறளே இல்லை.

உங்கள் இடத்தில் இன்னொரு வில்லன் உப்பு. கறள் குழிகளுக்குள் குளோரைட்டு தங்கிவிட்டால் அது காற்றில் இருந்தே ஈரத்தை இழுக்கும். ஆகவே சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்தியிருக்க வேண்டும். உங்கள் பதிவில் கழுவியதாகவே இல்லை.

அப்புறம் அந்தப் "பின்னேரம்". பெயின்ற் அடிக்கும்போது தகரத்தின் வெப்பநிலை காற்றின் பனிபடுநிலையைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்கவேண்டும் என்பது பெயின்ற் துறையில் பொதுவான விதி. கொழும்புக் காற்றில் பொழுது சாயச் சாய அந்த இடைவெளி சுருங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் நீங்கள் பிரைமர் அடித்திருக்கலாம்.

பஞ்சிகாவத்தை நானா:
டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் விதி தெரியாமலே காலை பத்து மணிக்குப் பிறகுதான் ஸ்பிரே துப்பாக்கியைக் கையில் எடுப்போம், மூன்று மணிக்கு மேல் தொடமாட்டோம்.

அந்தச் சாம்பல் பிரைமர் தண்ணீர் காக்காது, பஞ்சு மாதிரி உறிஞ்சும். இரண்டு கிழமை மழையில் விட்டது பெரிய பிழை. கடலோரக் காருக்கு வெறும் தகரத்தின்மேல் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபொக்சி பிரைமர்தான் வேண்டும். பட்டி வைப்பதென்றால் அதற்கு மேலே. பட்டியும் ஈரம் குடிக்கும் சாமான். ஓட்டையில் பட்டி அடைத்தால் உள்பக்கம் திறந்தே கிடக்கும், அங்கிருந்து ஊறித்தான் உங்கள் மண்ணிறக் கோடு வந்திருக்கிறது. ஓட்டை என்றால் வெட்டி, புதுத் தகரம் வைத்து வெல்டிங். வேறு வழி இல்லை, தம்பி.

வெள்ளவத்தைக் கொரோலா:
நானா, இன்று காலை பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

சில்லின் மூன்று துவாரங்களில் இரண்டைத் தார் மூடியிருந்தது. ஒன்று என் கைவண்ணம். மற்றது ஏற்கெனவே பழைய தாரால் அடைபட்டிருந்தது, எந்தக் காலத்து சேவிஸிலோ அடித்தது. ஆணியால் குத்தித் திறந்தேன். ஒரு யோகட் கப் நிறையத் தண்ணீர், கூடவே கறுத்த மணல். மூன்று மாதமாகக் காருக்குள் கிணறு வைத்திருந்திருக்கிறேன்.

தட்டிப் பார்த்ததில் இடப்பக்கம் பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாண் நீளம் பொத்தென்று கேட்கிறது. காந்தம் அங்கே விழுந்துவிடுகிறது.

மொரிஸ் மாமா:
அந்த ஒரு சாணைப் பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் இருப்பது 1962 மொரிஸ் மைனர், ஆகவே இந்த நோயின் எல்லாக் கட்டமும் பார்த்தவன். உங்கள் காரைப் போலவே அதற்கும் அடியில் தனி இரும்புச் சட்டகம் (சேஸி) கிடையாது, உடலே பாரம் தாங்குகிறது. சில் என்பது அழகுத் தகரம் அல்ல, முதுகெலும்பு. ஜாக் வைக்கும் இடம், சீற் பெல்ற் பூட்டும் இடம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் இவற்றுக்குக் கிட்ட உக்கியிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். எனக்கு ஒருமுறை ஜாக் தகரத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. நல்லகாலம், கார் இறங்கியபோது கீழே காலணி மட்டும்தான் இருந்தது, கால் இல்லை. ஸ்டாண்ட் இல்லாமல் காருக்கு அடியில் போகவேண்டாம், இரண்டு நிமிட வேலை என்றாலும்.

வெள்ளவத்தைக் கொரோலா:
சரி மாமா, சில்லை கராஜுக்கு விடுகிறேன். கதவுகளையாவது நானே செய்யலாமா? செய்வதென்றால் எப்போது?

பஞ்சிகாவத்தை நானா:
கதவு தாராளமாகச் செய்யலாம். இப்போது வேண்டாம், பின்னேரமானால் இடியும் மழையும். ஜனவரி, பெப்ரவரியில் கொழும்பு ஓரளவு காய்ந்திருக்கும், அப்போது தொடங்குங்கள். அதுவரை கொப்புளத்தை உடைக்காமல் துவாரங்களை மட்டும் திறந்து வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவினால் உப்பாவது போகும்.

கொப்புளத்தைவிட இரண்டு விரல் அகலம் கூடச் சுரண்டுங்கள். கம்பி பிரஷ் கறளைச் சில நேரம் மினுக்கித்தான் விடும், நீங்கள் ஏமாறுவீர்கள். 80 சாண்ட் பேப்பரால் வெள்ளி நிறம் தெரியும்வரை போகவேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். தின்னர் துணியால் துடைத்து, அதே நாளில் எபொக்சி. வெறும் தகரத்தை ஓர் இரவு விட்டால் விடியும்போது செம்மஞ்சளாக நிற்கும். எபொக்சி கையில் படாமல் கையுறை, புகைக்கு வாயு வடிகட்டும் முகமூடி. துணி மாஸ்க் தூசிக்கே காணாது. நிறப் பெயின்றில் கடினமாக்கி கலப்பது இருந்தால் அதை என்னைப் போன்றவர்களிடம் விடுங்கள். அதன் புகை சுவாசத்தைப் பிடித்தால் திரும்ப விடாது.

எல்லாம் காய்ந்தபின் கதவுக்குள்ளும் சில்லுக்குள்ளும் கெவிட்டி வெக்ஸ். மெழுகு போல இடுக்கெல்லாம் ஊர்ந்து போகும், தார் மாதிரி வெடிக்காது. ஆனால் வெல்டிங் முடிந்த பிறகுதான். வெக்ஸ் இருக்கும் சில்லில் வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும்.

வெள்ளவத்தைக் கொரோலா:
கடைசியாக ஒன்று. அந்த வெக்ஸே துவாரத்தை அடைத்துவிடாதா? கதவுக் கண்ணாடியிலும் படுமே?

பஞ்சிகாவத்தை நானா:
கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு அடியுங்கள். துவாரம் ஒவ்வொன்றிலும் ஒரு ஈர்க்கைச் செருகி வையுங்கள், மறுநாள் உருவி எடுக்கலாம்.

வெள்ளவத்தைக் கொரோலா:
விளக்குமாற்றில் இருந்து இப்போதே பத்து ஈர்க்கு உருவியாயிற்று. அம்மா ஏன் என்று கேட்கிறார்.