ஊர் மெயின் பைப்: மாற்றுவதா, ஒட்டுப் போடுவதா?

மேட்டுத்தெரு:
மொரப்பூர்ப் பக்கம், தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. மேல்நிலைத் தொட்டிக்கு வரும் பழைய ஏ.சி. பைப், அதாவது கல்நார் கலந்த சிமெண்ட் குழாய், இந்த வருடத்தில் மூன்றாவது முறையாக உடைந்துவிட்டது. கிராம சபையில் ஒட்டுப் போட்டால் போதும் என்கிறார்கள். முழுதாகப் பிடுங்கிவிட்டு, இரண்டு மடங்கு விட்டத்தில் டி.ஐ. எனும் இரும்புப் பைப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஸ்டேஷன் பக்கம் நிலமெல்லாம் மனையாகிவிட்டது. தர்மபுரிக்குப் புது ரயில் பாதையும் வந்தால் இந்தக் குழாய் எந்த மூலைக்கு?

கணக்குப்பிள்ளை:
ரயிலை நம்பிக் குழாய் போடாதீர்கள் அண்ணே. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-லேயே சின்ன ரயில் ஓடியது. அப்புறம் ஓசூர் வரை நீட்டினார்கள். 1941-ல் போர்க்காலத்தில் மூடியும் விட்டார்கள். புது பாதையில் முதல் வண்டி வரட்டும், பேசுவோம்.

விட்டம் இரண்டு மடங்கானால் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் நான்கு மடங்கு. வரத்து அதேதான். தண்ணீர் நகராமல் கிடந்தால் குளோரின் செத்துவிடும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். ஒகேனக்கல் தண்ணீரில் நம் பங்கு கூடாமல் குழாயை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! லாரி ஓடும் ரோட்டடியில் இருக்கிற துண்டை மட்டும் மாற்றுங்கள், போதும்.

மேட்டுத்தெரு:
ஒவ்வொரு உடைப்புக்கும் நாலு நாள் போர்வெல் தண்ணீர் குடிக்கிறோமே, அது கணக்கில் வராதா? தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வந்ததே நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடுக்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. என் பெரியம்மாவுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை, முழங்கால் மடங்காது. காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது ஐயா, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும்.

கடைசி வீடு:
எங்கள் தெருவில் உடைப்பை அடைத்த மறுநாள் ஒரே சாக்கடை வாடை. தண்ணீர் நின்று குழாய் காலியாகும் நேரத்தில் விரிசல் வழியாகக் கசடை உள்ளே இழுக்கிறது. ஒட்டுப் போடச் சொல்கிறவர்கள் ஒரு டம்ளர் குடித்துக் காட்டட்டும்.

பழைய பிட்டர்:
முப்பது வருடம் குழாய் வேலை பார்த்தவன் சொல்கிறேன். ஏ.சி. பைப் வளைந்து கொடுக்காது. கீழே மண் இறங்கினால் வளையம் வளையமாக வெட்டிக்கொள்ளும். ஓர் இடத்தில் அடைத்தால் பத்தடி தள்ளி விரிசல் விடும். ஆகவே மாற்றத்தான் வேண்டும். ஆனால் பிடுங்காதீர்கள் தம்பி. அதில் கல்நார் இருக்கிறது. உலர்ந்தபடி அறுத்தால் தூசி நுரையீரலுக்குப் போகும். பழசை மண்ணிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகப் போடுங்கள்.

அளவில் கணக்குப்பிள்ளை சொல்வது சரி, ஓர் இடம் தவிர. தண்டவாளத்துக்கு அடியில் போக ரயில்வே அனுமதி வேண்டும். குறுக்கே ஒரு காப்புக் குழாயைத் தள்ளி, அதற்குள்தான் நம் குழாயை விட வேண்டும். மறுபடி அனுமதிக்கு அலைய முடியாது. அந்தக் காப்புக் குழாயை மட்டும் இப்போதே பெரிதாகப் போட்டுவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, தண்டவாளத்தடியில் பெரிசு, ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குள் இரண்டு மடங்குக்கு நான் கை தூக்க மாட்டேன். அடுத்த உடைப்புக்கு வால்வை மூடி உங்கள் தெருவை மட்டும் நிறுத்தினால் போச்சு.

மேட்டுத்தெரு:
எந்த வால்வை? போன வருடம் தார் போட்டபோது அதன் மேலேயே போட்டுவிட்டார்கள்.