வாதுமை இலைகளும் எறும்பு வரிசையும்: அனிமேட்டட் பிரஷ் அனுபவங்கள்

பதிவு 1

சிறுவர் கதை ஒன்றுக்காக, நாட்டு வாதுமை இலைகள் உதிர்ந்து கிடக்கும் ஒரு முற்றத்தை இரட்டைப் பக்கப் படமாக வரைந்து தர வேண்டியிருந்தது. அந்த இலைகள் உதிர்வதற்கு முன் சிவந்துவிடுபவை. ஆகவே மஞ்சள், செம்பு, அடர்சிவப்பு என்று பல நிறங்களில், நூற்றுக்கணக்கில் வேண்டும். ஒவ்வொன்றாக வரைந்தால் மூன்று நாளாவது பிடிக்கும் என்று கணக்கிட்டுத்தான், அதுவரை தொட்டே பார்த்திராத, கிம்ப் என்ற பட வேலை மென்பொருளின் அனிமேட்டட் பிரஷ் பக்கம் போனேன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், படத்தில் எதுவும் அசையாது. தூரிகைக்குள் பல படங்களை அடுக்கி வைத்திருப்போம். கோடு இழுக்க இழுக்க அவை மாறி மாறிப் பதியும், அவ்வளவுதான். தூரிகைப் பட்டியலில் கீழ் மூலையில் சிவப்பு முக்கோணம் தெரிபவை இந்த வகை. மென்பொருளோடு வரும் ‘வைன்’ என்ற கொடித் தூரிகையை ஒருமுறை இழுத்துப் பார்த்தாலே விளங்கிவிடும்.

ஏழு இலைகளை ஏழு லேயர்களில் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் தனித்தனிப் பட அடுக்குகளில்) வரைந்து, இவ்வகைத் தூரிகைக்கான ஜி.ஐ.எச். கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தேன். முதல் முயற்சியில் எல்லா இலைகளும் ஒரே நிறத்தில் வந்து விழுந்தன. கோப்பை கிரேஸ்கேலில், அதாவது நிறமில்லாத சாம்பல் சாயல்களில், வைத்திருந்ததுதான் காரணம். அப்படி வைத்தால் தூரிகை அச்சு மட்டும் தரும், நிறத்தை நாம் தேர்ந்தெடுத்திருக்கும் முன்புற நிறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆர்.ஜி.பி. என்ற வண்ண முறைக்கு மாற்றி, பின்னணியை ஒளிபுகும்படி விட்ட பிறகே இலைகள் தத்தம் நிறத்தோடு வந்தன. ஸ்பேசிங்கை, அதாவது ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை, குறைவாக விட்டதால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குப்பையாகத் தெரிந்தன. 150 சதவீதம் வரை கூட்டியதும் சரியாயிற்று.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. அழகாக இருக்கட்டும் என்று ஓர் இலையில் மட்டும் புழு அரித்த ஓட்டையை வரைந்திருந்தேன். ‘இன்கிரிமென்டல்’ முறையில் படங்கள் வரிசைப்படி வருவதால், ஏழாவது இடந்தோறும் அந்த ஓட்டை இலை வந்து நின்றது. ‘ராண்டம்’ முறைக்கு மாற்றினேன். வரிசை கலைந்ததே தவிர, கண் ஓட்டையையே தேடிப் பிடித்தது. மற்ற ஆறு இலைகளும் எத்தனை முறை வந்தன என்று யாரும் எண்ணப் போவதில்லை, ஆனால் ஒரே ஓட்டை இருபது இடங்களில் இருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அந்த இலையைத் தூக்கிவிட்டு, பார்த்தவுடன் மறந்துபோகும்படியான சாதாரண இலை ஒன்றை அதன் இடத்தில் வைத்தேன். ஓட்டை இலையைப் பின்னர் கிணற்றடியில் ஒரே ஓர் இடத்தில் கையால் வரைந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூரிகை எப்படி மாறிக்கொண்டே பதிய வேண்டும் என்று சொல்லும் டைனமிக்ஸ் பகுதியில் கோணத்தை ராண்டமோடு இணைத்தால் ஒவ்வோர் இலையும் வெவ்வேறு பக்கம் திரும்பி விழும், ஏழு இலைகள் எழுபது போலத் தோன்றும் என்று மகிழ்ந்தேன். ஆனால் இலைகளோடு சேர்த்து வரைந்திருந்த நிழலும் சுழன்றதால், முற்றத்தில் ஏழெட்டுச் சூரியன்கள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. நிழலை நீக்கி மீண்டும் எக்ஸ்போர்ட் செய்து, இலைகளைத் தனி லேயரில் தீட்டி, முழு லேயருக்கும் ஒரே திசையில் டிராப் ஷேடோ கொடுத்துத்தான் சமாளித்தேன். தனி லேயரில் தீட்டியது வேறொரு விதத்திலும் காப்பாற்றியது: ராண்டம் முறையில் ஒரு கோட்டை அன்டூ செய்து மீண்டும் அதே இடத்தில் இழுத்தால் பழைய இலைகள் திரும்பி வருவதில்லை, கதாசிரியருக்கோ நான் அழித்துவிட்ட முதல் வடிவமே பிடித்திருந்தது. நல்லவேளையாக அந்த லேயரின் நகல் ஒன்றை வைத்திருந்தேன்.

பதிவு 2

மேலே எழுதிய நண்பரின் ஓட்டை இலையைப் படித்தபோது எனக்கு என் எறும்புகள் நினைவுக்கு வந்தன. சர்க்கரை டப்பா ஒன்றின் மேல் எறும்புகள் வரிசையாக ஏறும் படம் அது. இதற்கு ராண்டம் உதவாது, ஏனெனில் எறும்பு போகிற திசையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். கோடு போகும் திசைக்கேற்பப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் ‘ஆங்குலர்’ முறையை வைத்து எட்டு எறும்புகளை வரைந்தேன். முதல் எறும்பு மேல்நோக்கியது, அடுத்தடுத்தவை கடிகார முள் சுற்றும் திசையில் 45 பாகை வீதம் திரும்பியவை. வரிசையை ஒருமுறை இடவலமாக மாற்றி அடுக்கிவிட்டதால் எறும்புகள் வலப்பக்கம் பின்னோக்கி நடந்ததைப் பார்த்து என் மகள் வெகுநேரம் சிரித்தாள்.

அடுக்கைச் சரிசெய்த பிறகும் என் கை நடுக்கம் விடவில்லை. மவுஸ் கொஞ்சம் ஆடினாலும் தூரிகை அதைத் திசை மாற்றம் என்றே எடுத்துக்கொண்டு, நேராகப் போகும் வரிசையில் நடுவில் ஓர் எறும்பைக் குறுக்கே நிறுத்தியது. கோட்டின் நடுக்கத்தைக் குறைக்கும் ‘ஸ்மூத் ஸ்ட்ரோக்’ வசதியை இயக்கி, மெதுவாக இழுத்ததில் பெரும்பாலும் சீரானது. அதே கோப்பைக் கிரிட்டா என்ற இன்னொரு வரைகலை மென்பொருளிலும் திறந்து பார்த்தேன், அங்கும் வேலை செய்தது.

டப்பாவின் விளிம்பில் வளையும் இடத்துக்கு மட்டும் எட்டுத் திசைகள் போதவில்லை. அங்கே வரிசை உடைந்ததுபோல் தெரிந்தது. அந்த மூன்று எறும்புகளைப் பென்சில் கருவியால் கையாலேயே வரைந்தேன், அதில் ஒன்றின் வாயில் சர்க்கரைத் துணுக்கையும் வைத்தேன்.