30 கம்ப்யூட்டர், ஒரே லைன்: விங்கெட்டா, பென் டிரைவா?

பாலாறு_பைட்:
காட்பாடி சென்டர் ஒண்ணுல 30 விண்டோஸ் 11 மெஷின். லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், விஎல்சி மூணும் போடணும்னு கேட்டவருக்கு, "பென் டிரைவ்ல செட்டப்பை எடுத்துட்டுப் போங்க"ன்னு இங்க ஒரு பதில். விங்கெட்னு மைக்ரோசாஃப்ட்டோட டூல் ஒண்ணு இருக்கு, கமாண்ட் அடிச்சா சாஃப்ட்வேரை நெட்லேர்ந்து இறக்கிப் போட்டுடும். அதோட 1.0 வந்தே 2021ல. விண்டோஸ் 11ல கூடவே வருது. ஒரு மெஷின்ல எல்லாத்தையும் போட்டு 'விங்கெட் எக்ஸ்போர்ட்' கொடுத்தா அந்த லிஸ்ட் ஒரு ஜேசான் (டெக்ஸ்ட்) ஃபைலா கிடைக்கும். மத்த 29லயும் 'விங்கெட் இம்போர்ட்', அவ்ளோதான்.

கோட்டை_அகழி:
அந்தப் பென் டிரைவ் ஆளு நான்தான்பா. ஜேசான்ல இருக்கிறது பேர் மட்டும்தான், சாஃப்ட்வேர் இல்ல. ஒவ்வொரு மெஷினும் தனித்தனியா நெட்லேர்ந்துதான் இறக்கும். லிப்ரே ஆபீஸ் மட்டும் சுமார் 350 எம்பி. 30 தடவைன்னா 10 ஜிபிக்கு மேல. நம்ம பாலாத்துல தண்ணி வர மாதிரிதான் வரும்.

பாலாறு_பைட்:
'விங்கெட் டவுன்லோட்'னு ஒண்ணு இருக்குண்ணா. ஒரு தடவை இறக்கி ஷேர் ஃபோல்டர்ல வெச்சா போதும்.

கோட்டை_அகழி:
வயர் போட்ட பென் டிரைவ்!

பாலாறு_பைட்:
சிரிங்க, பரவால்ல. ஆனா இறக்குன ஃபைலோட ஹேஷ், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு கோட், சரியான்னு விங்கெட் பார்க்கும். கம்பெனிக்காரன் அதே லிங்க்ல புது ஃபைலை மாத்தி வெச்சிருந்தா ஹேஷ் பொருந்தாம நின்னுடும். அதைத் தாண்டிப் போட வழி இருக்கு, போடாதீங்க. மேனிஃபெஸ்ட்டை, அதாவது விங்கெட்ல இருக்கிற ஹேஷ், லிங்க் விவரத்தைத் திருத்துற வரைக்கும் பொறுங்க. கூடவே அந்த மேனிஃபெஸ்ட் ஒரு யாமல் (டெக்ஸ்ட்) ஃபைலா இறங்கும், எதுவும் கேக்காம இன்ஸ்டால் ஆகுறதுக்கு கமாண்ட்ல சேர்க்கிற ஸ்விட்ச்சை அதுல பார்க்கலாம். எம்எஸ்ஐங்கிற விண்டோஸ் செட்டப் ஃபைல்னா ஸ்லாஷ் கியூஎன் (/qn). என்எஸ்ஐஎஸ்ங்கிற டூல்ல கட்டுன செட்டப்னா ஸ்லாஷோட பெரிய எஸ் (/S). சின்ன எஸ் அடிச்சா விண்டோ திறந்து 'நெக்ஸ்ட்' கேட்டுக்கிட்டு நிக்கும்.

ராணிப்பேட்டை_ரூட்:
விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு லினக்ஸ் போட்டா இந்தப் பேச்சே இல்ல. அதுல சாஃப்ட்வேர் இறக்குறது ஆப்ட்ங்கிற டூல். ஒரு மெஷின்ல ஆப்ட்-கேஷர்-என்ஜி, ஆப்ட் இறக்குறதைச் சேமிச்சு மத்த மெஷினுக்குக் கொடுக்கும், போர்ட் 3142. மத்த 29லயும் ஆப்ட் செட்டிங்ல, அந்த மெஷின் வழியா இறக்குன்னு சொல்ற ஒரு ப்ராக்ஸி வரி. முதல் மெஷின் நெட்லேர்ந்து இழுக்கும், மீதி எல்லாம் லேன்லேர்ந்து. நடுவுல கரண்ட் போனாலும் 'டிபிகேஜி, கான்ஃபிகர், ஏ' (dpkg --configure -a) கமாண்ட் கொடுத்தா பெரும்பாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும்.

கோட்டை_அகழி:
உபுண்டு 22.04லேர்ந்து ஃபயர்பாக்ஸ், ஆப்ட் வழியா இல்லாம ஸ்னாப்ங்கிற வேற வகைப் பேக்கேஜால்ல வருது? உங்க கேஷர் அதைத் தொடவே தொடாது. ஹெச்டிடிபிஎஸ் லிங்க்ல இருக்கிற ரெப்போவும் (சாஃப்ட்வேர் கிடங்கு) அப்படியே விட்டா கேஷ் ஆகாது, அதாவது சேமிக்காது.

ராணிப்பேட்டை_ரூட்:
ஸ்னாப் விஷயம் சரிதான். 'ஸ்னாப் டவுன்லோட்' கொடுத்தா ரெண்டு ஃபைல் வரும். ஒண்ணு சாஃப்ட்வேர், இன்னொண்ணு அதோட சிக்னேச்சர் இருக்கிற அசெர்ட் ஃபைல். அசெர்ட் ஃபைலை முதல்ல 'ஸ்னாப் ஆக்' (snap ack) கமாண்டால ஏத்திட்டு அப்புறம் இன்ஸ்டால். வரிசை மாறினா சிக்னேச்சர் இல்லன்னு திட்டும்.

கோட்டை_அகழி:
அந்த ரெண்டு ஃபைலை 30 மெஷினுக்கு எதுல எடுத்துட்டுப் போவீங்க?

ராணிப்பேட்டை_ரூட்:
...ஷேர் ஃபோல்டர்ல.