புதுப்பிப்பு: ஃபெண்டர் வெட்டிய வேலை முடிந்தது

பெரிய டயருக்காகப் பின் ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) வெட்டினால் வண்டி தகுதிச் சோதனையில் தேறுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தேறிவிட்டது.

வெட்டிய விளிம்பை அப்படியே கூராக விட்டிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். உள் தகட்டையும் வெளித் தகட்டையும் மடக்கிச் சேர்த்து வெல்டு வைத்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, மேலே ரப்பர் பட்டை மாட்டினோம். அந்த இணைப்பும் வண்டியின் பக்கவாட்டுக்கு வலு தருகிறது. திறந்து கிடந்தால் சேறு புகுந்து உள்ளிருந்தே அரித்துவிடும். டயர் வெளியே துருத்தாதபடி அகலமான ஃபிளேர் (சக்கர வளைவின் மேல் பொருத்தும் நீட்டிப்பு விளிம்பு). பம்பரைக் குட்டையாக்கியதால் நம்பர் பிளேட் விளக்குக்குப் புது இடம் தேட வேண்டியிருந்தது, எரிச்சலான வேலை!

புல் பார் (வண்டியின் முன்னால் மாட்டும் உலோகக் கம்பிக் காப்பு) போடச் சொன்னவர்களுக்கு: போடவில்லை. அது மோதலை உணரும் ஏர்பேக் சென்சாரைக் குழப்பக்கூடும்; அதோடு விளையாட எனக்குத் துணிவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.