காலில பலம் இருக்கு, ஆனா கண்ணை மூடினா அப்பா சாயுறார், ஏன்?

வெள்ளவத்தை மகள்:
அப்பாவுக்கு 67 வயசு, ஆறு மாசத்துக்கு முதல் ஸ்ட்ரோக் வந்து வலக் கை கால் வழங்காமப் போச்சு. பிசியோ செய்து இப்ப வீட்டுக்குள்ள பிடிக்காமலே நடக்கிறார். ஆனா வலக்கால் பாட்டாச் செருப்பு ஹோலிலயே கழண்டு கிடக்கும், மனுசன் வெறுங்காலோட பாத்ரூம் வரைக்கும் போய் நிப்பார், கழண்டதே தெரியாது. சாமி அறையில கண்ணை மூடிக் கும்பிட்டா சாயுறார், நேற்று கரண்ட் போன நேரம் நிண்ட இடத்தில இருந்து அசையவே மாட்டன் எண்டுட்டார். கவனமில்லை எண்டு அம்மா ஏசுறா. பயமா, வேற ஏதுமா?

பிசியோ அண்ணா:
தங்கச்சி, அப்பாவை ஏச வேண்டாம் எண்டு அம்மாவிட்ட சொல்லுங்கோ. காலை அசைக்கச் சொல்லி மூளையில இருந்து கட்டளை இறங்கிற வழி வேற, கால் இப்ப எங்க இருக்கு எண்டு தசையில இருந்தும் மூட்டில இருந்தும் செய்தி ஏறுற வழி வேற. முதலாவது தேறியும் ரெண்டாவது தேறாமல் இருக்கலாம். அந்தக் குறையை கண்தான் நிரப்புது, அதான் இருட்டில நிண்டுட்டார். கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரலை ரெண்டு பக்கவாட்டிலயும் பிடிச்சு மெல்ல ஆட்டி, மேலயா கீழயா எண்டு கேளுங்கோ. மேலயும் கீழயும் பிடிச்சா அமத்துற அமத்தலிலயே விடை தெரிஞ்சிடும்.

எனக்கும் வந்தது:
எனக்கு இடப்பக்கம். காலி வீதியில பஸ் ஏறேக்க கால் படியில இருக்கா எண்டு குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும், கொண்டக்டர் "நகின்ன நகின்ன" (ஏறு ஏறு) எண்டு சிங்களத்தில கத்துவான், அவனுக்கென்ன. அந்தப் பாட்டாவை எறிஞ்சிட்டு பின்வார் வச்ச செருப்பு வாங்கிக் குடுங்க, இரவில பாத்ரூம் வழியில சின்ன பல்ப் ஒண்டு எரியட்டும். குளிக்கேக்க கதிரை கட்டாயம், ஷாம்பு போட்டு கண்ணை மூடின நேரம்தான் நான் விழுந்தது.

வெள்ளவத்தை மகள்:
செய்து பார்த்தன் அண்ணா. இடக்கால் பத்தும் சரி, வலக்கால் பத்தில அஞ்சு. பாதி இருக்குத்தானே?

பிசியோ அண்ணா:
ரெண்டே ரெண்டு விடைதானே தங்கச்சி, காசு சுண்டிப் பார்த்தாலும் அஞ்சு வரும். அடுத்த கிளினிக்கில இதைக் கட்டாயம் சொல்லுங்கோ, பலத்துக்கு மட்டும் பயிற்சி குடுத்தாக் காணாது.

வெள்ளவத்தை மகள்:
இப்பதான் விளங்குது. நான் விரலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தன், அப்பா "ஏன் பிள்ளை நிப்பாட்டிப்போட்டாய்" எண்டு கேட்டார்.