கனடாவிலிருந்து காணிக் காசு: எந்தக் கணக்கு, எப்ப மாத்திறது?

கொக்குவில்வாசி:
கொக்குவிலில 2 பரப்புக் காணியும் வீடும் அக்காவின்ர பேரில வாங்கப் போறம். அக்கா ரொறன்ரோவில, இரட்டைக் குடியுரிமை எடுத்திட்டா. விலை 180 இலட்சம் எண்டு பேசியாச்சு. உண்டியலில (வங்கிக்கு வெளியால ஆள் மூலம் காசு அனுப்பிறது) போட்டா டொலருக்குக் கூடக் கிடைக்கும் எண்டு சிலர் சொல்லுகினம். அக்கா என்ர கணக்குக்கே அனுப்புறன் எண்டுறா. பிறகொரு காலம் வித்தால் அந்தக் காசு திரும்பக் கனடாவுக்குப் போகவும் வேணும். எந்த வழி சரி? டொலரை எப்ப ரூபாவாக்கிறது?

பனைவடலி:
விற்ற காசு திரும்பப் போகவேணும் என்றால் நீங்கள் சொன்ன இரண்டு வழியும் சரிவராது. உண்டியல் சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், அதில் வந்த காசுக்கு வங்கியில் ஒரு தடயமும் இராது. உங்கள் கணக்குக்கு வந்தால் தடயம் இருக்கும், ஆனால் அது உங்களுக்கு வந்த குடும்பப் பணமாகத்தான் பதியப்படும், அக்காவின் முதலீடாக அல்ல.

2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் இதற்கென்றே உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர் முதலீட்டுக் காசை இங்கே கொண்டுவரவும், விற்றபின் திரும்ப எடுத்துச் செல்லவும் உள்ள கணக்கு) இருக்கிறது. அக்காவின் பெயரில் ஏதாவது ஒரு வர்த்தக வங்கியில் திறக்கலாம். இரண்டு கடவுச்சீட்டு, இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ், கனடா முகவரிக்கான அத்தாட்சி, காசு எப்படி வந்தது என்பதற்கான ஆவணம் (சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று, வீடு விற்ற பத்திரம் ஏதாவது) கேட்பார்கள். கணக்கைக் கனடா டொலரிலேயே திறக்கச் சொல்லுங்கள். அமெரிக்க டொலர்க் கணக்கென்றால் கனடா டொலர் முதலில் அமெரிக்க டொலராகி, பிறகு ரூபாவாகும். இரண்டு இடத்திலும் வங்கி தன் இலாபத்தை எடுக்கும்.

அனுப்பும்போது கனடா வங்கி "எந்த நாணயத்தில்?" என்று கேட்டால் ரூபா என்று சொல்லவே கூடாது. அப்படிச் சொன்னால் அங்கேயே அவர்களுடைய வீதத்தில் மாறிவிடும். நோக்கம் என்ற இடத்தில் "யாழ்ப்பாணத்தில் அசையாச் சொத்து வாங்க, உள்முக முதலீட்டுக் கணக்குக்கு" என்று விளக்கமாக எழுதவேணும். கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் தெரிவை எடுத்தால் இடையில் உள்ள வங்கி வெட்டுவது பெரும்பாலும் தவிரும். அனுப்பியதும் சுவிஃப்ட் செய்தியின் (காசு அனுப்பியதைக் காட்டும் வங்கித் தாள்) பிரதியைக் கேட்டு வாங்குங்கள். காசு இரண்டு மூன்று வேலை நாளில் வராவிட்டால் எங்கே நிற்கிறது என்று தேட அந்தத் தாள் வேணும். இங்கே வரவு வைத்ததும் வங்கியிடம் வரவு உறுதிக் கடிதமும் எடுங்கள்.

கைபேசிச் செயலிகளில் அனுப்பும் காசு பெரும்பாலும் ரூபாவாகத்தான் வந்து சேரும். வீட்டுச் செலவுக்கு அது நல்ல வழி, இந்தக் கணக்குக்குப் பொருந்தாது.

நீர்வேலியான்:
வீதம் பற்றி. வங்கியின் பலகையில் ஒன்றுக்கு மேற்பட்ட வாங்கும் வீதம் இருக்கும். உங்களுக்குரியது ரி.ரி. வாங்கும் வீதம், அதாவது வங்கி வழியாக வந்த காசுக்கான வீதம். நாணயத்தாள் வாங்கும் வீதம் அதைவிடக் குறைவு, கையில் நோட்டாகக் கொண்டுவருபவருக்கு அதுதான் கிடைக்கும். (10,000 கனடா டொலரோ அதற்கு மேலோ கையில் கொண்டு புறப்பட்டால் கனடாவில் சுங்கத்துக்கு அறிவிக்கவும் வேணும்.) பெரிய தொகை என்றால் பலகை வீதத்தோடு நிற்காதீர்கள். கிளை முகாமையாளர் மூலம் தலைமை அலுவலகத் திறைசேரிப் பிரிவிடம் (வங்கியில் நாணய மாற்றைக் கவனிக்கும் பிரிவு) சிறப்பு வீதம் கேட்கலாம். 90,000 டொலர் மாற்றும்போது டொலருக்கு 2 ரூபா கூடினாலே 180,000 ரூபா. மத்திய வங்கி அன்றன்று வெளியிடும் வீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், இரண்டு வங்கியில் ஒரே நேரத்தில் கேளுங்கள்.

எப்ப மாற்றுவது? விலை ரூபாவில் பேசியாகிவிட்டது, ஆகவே ஒப்பந்தம் எழுதிய நாளிலிருந்து அக்காவின் கடனும் ரூபாவில்தான். அதன்பிறகு டொலரைப் பிடித்து வைத்திருப்பது சூதாட்டம். 2022 மார்ச்சில் 203 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் 2023இலும் டொலரை மாற்றாமல் காத்திருந்தார்கள், அது 360 அளவிலிருந்து ஜூனில் 300 அளவுக்கு இறங்கியது. உள்முக முதலீட்டுக் கணக்கை ரூபாவிலும் வைத்திருக்கலாம். ஒப்பந்தம் எழுதியதும் மாற்றி அதில் போட்டுவிடுவதே என் கணிப்பில் நல்லது.

கொக்குவில்வாசி:
அச்சாரம் வாற கிழமையே கேட்கினம். கணக்குத் திறக்கிறதுக்கு முதல் நான் 10 இலட்சம் குடுத்திட்டு, பிறகு அக்காவிட்ட வாங்கினாச் சரிவராதோ?

பனைவடலி:
குடுக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் அந்த 10 இலட்சம் முதலீட்டுக் கணக்கிலிருந்து போகவில்லை, ஆகவே விற்கும்போது அந்தப் பங்கை இதே வழியில் வெளியே அனுப்பக் கேட்டால் வங்கி மறுக்கும். விற்பவரிடம் இரண்டு கிழமை தவணை கேளுங்கள், காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள். நாள் குறிக்கும்போது போயா தினத்தையும் (பௌர்ணமி விடுமுறை) கனடா விடுமுறைகளையும் பாருங்கள். வெள்ளி பின்னேரம் அனுப்பிய காசு திங்கள் காலை இங்கே இராது.

மிச்சக் காசுக்கு அந்தக் கணக்கிலிருந்தே விற்பவர் பெயரில் வங்கி வரைவு எடுத்து, அதன் இலக்கத்தையும் திகதியையும் நொத்தாரிசு எழுதும் காணி உறுதியில் (காணிப் பத்திரம்) குறிப்பிடவேணும். உறுதியில் முழு 180 இலட்சமும் வரட்டும். முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். உங்களுக்கு 719,000 ரூபா வரும். இதைக் குறைக்க 100 இலட்சம் என்று எழுதச் சொல்லுவார்கள். எழுதினால், விற்கும்போது மூலதன ஆதாய வரி 100 இலட்சத்திலிருந்து கணக்காகும், மிச்ச 80 இலட்சம் முதலீடு என்று காட்ட ஆவணமும் இராது.

ஆரியகுளம்:
இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் அக்காவின் கையில் வந்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். விண்ணப்பம் போட்டிருப்பது போதாது. கனடாக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி காணி எழுத முடியாது. வாரிசுரிமை, நாலாம் மாடியும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி வீடு போன்ற சில விலக்குகள்தான் இருக்கின்றன.

அக்கா வரமுடியாவிட்டால் ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (அவருக்காக நீங்கள் கையொப்பமிட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி உங்களுக்கு அனுப்பவேணும். அதில் காணி வாங்கும் அதிகாரத்தோடு, வங்கிக் கணக்கை இயக்கும் அதிகாரத்தையும் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். அது இல்லாமல் வந்த தத்துவத்துக்கு வங்கி வரைவு தராது, உறுதி எழுதும் நாள் தள்ளிப்போகும். இன்னொன்று, கொக்குவில் காணி என்பதால் தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) அந்தக் காணியில் பங்குள்ளவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கலாம். அந்த அறிவித்தல் குடுத்தாச்சா என்று அச்சாரம் குடுக்க முதலே நொத்தாரிசிடம் கேளுங்கள்.